வில்கரூனாவுக்கு வளையல் கொண்டுபோன விதம்

அன்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆவுடையப்பன் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: பிஸ்கட் ஆலையில் வேலை பார்க்கும் வீட்டுக்காரர் ஆவுடையப்பன், சொந்தமாக நாற்பது மடக்கு நாற்காலி வைத்திருப்பதால் எங்கள் ஊர்க்காரர்களின் தென்பொதிகைச் சங்கத்துக்குத் தலைவரான சிதம்பரதாணு, கார் ஓட்டத் தெரிந்த காஜா மீரான், ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பி கழுவும் வேலை பார்ப்பதால் சங்கத்தின் விஞ்ஞானி என்று பெயர் வாங்கிய ஜெபமணி, நான். ஆக ஐந்து பேர். கண்ணாடி வளையல்கள் நூற்று நாற்பத்து நான்கு. எண்ணும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். பேசும் வேலை அவர்கள் நான்கு பேருக்கே பற்றாக்குறையாக இருந்தது.

விஷயம் இதுதான். ஆவுடையப்பனின் ஒரே மகள் கோமதி, அடிலெய்டிலிருந்து தொள்ளாயிரம் கிலோமீட்டர் வடக்கே வில்கரூனா என்ற ஊரில் நர்ஸ். மாப்பிள்ளைக்கு அங்கே சுரங்கத்தில் வேலை. கோமதிக்கு ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. சம்பந்தியம்மா சங்கரன்கோவிலிலிருந்து வந்து இறங்கியாகிவிட்டது. ஆவுடையப்பனின் மனைவி உலகம்மாளும் சமையலுக்காக முன்னாலேயே விமானத்தில் போய்விட்டார். திருநெல்வேலியிலிருந்து வரவேண்டிய வளையல் பார்சல் மட்டும் அவர் போன மறுநாள்தான் வந்தது. வாரத்துக்கு ஒரு விமானம். அடுத்தது வளைகாப்பு முடிந்த பிறகு.

உலகம்மாள் போனில் சுருக்கமாகச் சொன்னார்:

"பொண்ணு வீட்டு வரிசைன்னு நாம கொண்டு வர்றது அந்த வளையல் ஒண்ணுதான். அது வரலைன்னா சம்பந்தியம்மா என் மவளைச் சாகுற வரைக்கும் குத்திக் காட்டுவா. நீங்க வராட்டாலும் பரவாயில்ல. வளையல் வரணும்."

ஆவுடையப்பனுக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. தொள்ளாயிரத்தில் கடைசி முந்நூறு கிலோமீட்டர் தார் போடாத மண் ரோடு. இவர்கள் நான்கு பேரும் இருபது வருடமாக ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள். ஆனால் அவர்கள் பார்த்த ஆஸ்திரேலியா, விமான நிலையத்துக்கும் மளிகைக் கடைக்கும் நடுவில் இருப்பது. ஆகவே சிதம்பரதாணு ஒரு பயணக் குழு அமைத்தார். குழுவுக்குத் தலைவர் சிதம்பரதாணு. அவர் தமக்குத் தாமே ஒரு சால்வை போட்டுக்கொண்ட பிறகு கோமதியைப் போனில் கூப்பிட்டார்கள்.

"யப்பா, நல்லாக் கேட்டுக்கோங்க," என்றாள் கோமதி. "ரோடு தகரக் கூரை மாதிரி வரி வரியா இருக்கும். வண்டி ஆடுற ஆட்டத்துல பல்லு கழண்டுரும். வளையலைச் சும்மா தூக்கிப் போட்டுக்கிட்டு வராதீங்க. குலுக்கிப் பாத்துட்டுக் கொண்டு வாங்க."

"சரிம்மா."

"தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர். வண்டி வழியில நின்னுபோச்சுன்னா யாரும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. இறங்கி நடந்தவங்கதான் செத்துப் போயிருக்காங்க. எதிர்ல பெரிய லாரி வந்தா ஓரமா நிறுத்தி, புழுதி அடங்கினப்புறம் எடுங்க. எல்லாத்தையும் ஒரு தடவை வீட்டுலயே ஒத்திகை பாத்துக்கோங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது," என்றார்கள் நான்கு பேரும் ஒரே குரலில்.

முதலில் பார்சலைப் பிரித்தார்கள். கடைக்காரர் ஒவ்வொரு டஜனையும் நூலில் கோத்து, செய்தித்தாளில் சுருட்டி, வைக்கோல் திணித்து, அட்டைப் பெட்டியில் இறுக்கியிருந்தார். திருநெல்வேலியிலிருந்து அடிலெய்டு வரை லாரி, ரயில், இரண்டு விமானம் மாறி வந்திருந்தது. எண்ணினேன். நூற்று நாற்பத்து நான்கும் முழுசு.

"பழைய பேப்பரு, வைக்கோலு," என்று சிதம்பரதாணு மூக்கைச் சுளித்தார். "நம்மாளு என்னைக்குத்தான் பேக்கிங் படிக்கப் போறானோ. தூரப் போடுங்கவே."

தூரப் போட்டார்கள். அன்றைக்குக் குப்பை லாரி வரும் நாள். அது வந்து கொண்டுபோனது.

ஜெபமணி தொண்டையைச் செருமினார். "பிள்ளை என்ன சொன்னா? குலுக்கிப் பாத்துட்டுக் கொண்டு வாங்கன்னா. பொதிஞ்சு வச்சுக் குலுக்கச் சொன்னாளா?"

"சொல்லலையே," என்றார் மீரான்.

"அப்ப நாமளா ஒண்ணைச் சேக்கக் கூடாது. குலுக்குவோம்."

வளையல்களை முறுக்கு டப்பாவில் போட்டு மூடி, ஜெபமணி இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்கினார். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. திறந்தபோது முப்பத்தொன்று போயிருந்தது. மீதி நூற்றுப் பதின்மூன்று.

ஆவுடையப்பன் டப்பாவுக்குள் பார்த்துக்கொண்டே நின்றார். சிதம்பரதாணு அவர் தோளில் கை வைத்தார்.

"வருத்தப்படாதீரும். குலுக்குனது நல்லதாப் போச்சு. குலுக்காமக் கொண்டு போயிருந்தா இந்த முப்பத்தொண்ணும் வழியில உடைஞ்சிருக்கும்லா?"

அதுவும் சரிதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

"இருந்தாலும் கையால குலுக்குனது ரோடு ஆகாது," என்றார் ஜெபமணி. "ஆராய்ச்சின்னா நெலமை அப்படியே இருக்கணும். ரோடு தகரக் கூரை மாதிரின்னு சொன்னா. தகரக் கூரை இருக்கா?"

ஆவுடையப்பன் வீட்டுப் பின்பக்கம் புல் வெட்டும் எந்திரம் வைக்கிற கொட்டகை ஒன்று இருந்தது. அதற்கு இருந்தது தகரக் கூரை. ஒரு மணி நேரத்தில் இல்லை. நான்கு தகரத்தையும் வாசலில் கார் வரும் பாதையில் விரித்தார்கள். டப்பாவை ஒரு துண்டில் சுற்றிப் பின்சீட்டில் வைத்தார்கள். மீரான் முன்னும் பின்னுமாக அதன்மேல் வண்டியை ஓட்டினார். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாள் வேலிக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, தன் பூனையை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

"எத்தனைவே?" என்று சிதம்பரதாணு என்னைக் கேட்டார்.

உடைந்தது இருபத்தாறு. மீதி எண்பத்தேழு.

சாயந்தரம் மழை பெய்தது. புல் வெட்டும் எந்திரம் நனைந்தது.

மறுநாள் காலையில் அரிசி மூட்டை யோசனையைக் கொண்டுவந்தவர் மீரான். அரிசிக்குள் புதைத்து வைத்தால் அசையாது என்றார். இந்தக் கூட்டத்தில் பேசப்பட்ட முதல் நல்ல யோசனை அது. பத்து கிலோ பொன்னி அரிசிப் பையில் வளையல்களைப் புதைத்து, தகரத்தின் மேல் இருபது முறை ஓட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் உடைந்ததா இல்லையா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? சிதம்பரதாணு ஏணி மேல் ஏறி நின்று, பையைத் தலைகீழாகச் சிமெண்டுத் தரையில் கொட்டினார்.

பத்தொன்பது. மீதி அறுபத்தெட்டு. அரிசியில் கண்ணாடி கலந்துவிட்டதால் அரிசியும் போயிற்று.

"ஏணி மேல எதுக்கு அண்ணாச்சி ஏறினிய?" என்று ஆவுடையப்பன் மெதுவாகக் கேட்டார்.

"எல்லாரும் பாக்கணும்லா? நாளைக்கு யாரும் தலைவரு மறைச்சு மறைச்சுக் கொட்டினாருன்னு சொல்லிரக் கூடாது."

அப்போது போன் மணி அடித்தது. உலகம்மாள்.

"வளையலு பத்திரமா இருக்கா?"

"பத்திரமா இருக்கு," என்றார் ஆவுடையப்பன்.

"எத்தனை டஜன்?"

ஆவுடையப்பன் என்னைப் பார்த்தார். நான் ஐந்து விரலைக் காட்டி, பிறகு மீதிக்கு எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் கையை ஆட்டினேன்.

"ஊருக்கே போடலாம். அவ்வளவு இருக்கு," என்றார் அவர். போனை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அண்ணாச்சி, சோதிக்கச் சோதிக்கக் கொறையுதே. என் மவ வெறுங்கையோட நின்னாள்னா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அங்க போவேன்?"

"அதுக்குத்தானவே சோதிக்கோம்," என்றார் சிதம்பரதாணு. "உமக்காகத்தான் இவ்வளவு பாடு."

ஜெபமணிக்கு அன்று மத்தியானம் சாப்பிட்டபின் ஞானம் பிறந்தது. "நம்ம ஊர்ல உடையுற சாமானை எதுக்குள்ள வச்சா உடையாது? யோசிச்சுப் பாருங்க. அல்வா! நெய் வடியுற அல்வாவுக்குள்ள கல்லைப் போட்டாக்கூடச் சத்தம் கேக்காதுல்லா."

எல்லோரும் ஜெபமணியை அண்ணாந்து பார்த்தார்கள். அவ்வளவு பெரிய விஷயத்தை எதிர்கொள்ளும்போது மனிதர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். கோதுமையை ஊறவைத்து, பால் எடுத்து, இரண்டு கிலோ அல்வா கிண்டினார்கள். இந்த முறை எல்லா வளையலையும் போட வேண்டாம், மாதிரிக்கு ஒரு டஜன் போதும் என்று ஆவுடையப்பன் கெஞ்சினார். ஒரு டஜனை அழுத்தி ஆறவைத்து, வண்டியில் ஏற்றி, தகரத்தின் மேல் ஓட்டினார்கள். பிறகு உள்ளே உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக அரிவாள்மனையில் வைத்து நான்காக அறுத்தார்கள்.

மூன்று தப்பியது.

"ரோட்டுல ஒண்ணுகூட உடையல," என்று ஜெபமணி தீர்ப்புச் சொன்னார். "அறுத்ததுலதான் உடைஞ்சுது. ஆகவே முறை சரி."

"அப்ப அறுக்காமக் கொடுத்துருவோமா?" என்றார் மீரான்.

"கொடுக்கலாம். பிள்ளை அல்வாவைத் தின்னுட்டு வளையலை எடுத்துக்கிடட்டும்."

"ரெண்டு கிலோவையுமா?"

"மாசமா இருக்கிற பிள்ளைதான. சாப்பிடட்டும்."

ஆவுடையப்பன் முதல் தடவையாகக் குரலை உயர்த்தி, முடியாது என்றார். அல்வாவையும் பிறகு யாரும் சாப்பிட முடியவில்லை. மீதி வளையல் ஐம்பத்தொன்பது.

வெள்ளிக்கிழமை காலையில் வழிப் பயண ஒத்திகை. வண்டி வாசலிலேயே நின்றது. ஐந்து பேரும் ஏறி உட்கார்ந்தோம். ஆளுக்குப் பத்து லிட்டர் கேன் ஒன்று மடியில். சிதம்பரதாணு சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அறிவித்தார்:

"வண்டி நின்னுபோச்சு. பாலைவனம். யாரும் இறங்கப்படாது. தண்ணியைக் குடிக்க ஆரம்பிங்க. ஆளுக்குப் பத்து லிட்டர். பிள்ளை சொன்ன கணக்கு."

ஆரம்பித்தார்கள். மூன்றாவது லிட்டரில் மீரான் நெளிந்தார். நான்காவது லிட்டரில் எல்லோரும் நெளிந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் இறங்கிட்டு வந்துருதேன்."

"இறங்கி நடந்தவன்தான் செத்திருக்கான்."

"நடக்க வேண்டாம் அண்ணாச்சி, ஓடிருதேன். வீடு இந்தாதான இருக்கு."

"எங்கவே வீடு? பாலைவனத்துல வீடு ஏது?"

"கதவு தெரியுதே."

"அது கானல். தாகத்துல இருக்கிறவனுக்கு அப்படித்தான் தெரியும்."

"எனக்குத் தாகமே இல்ல அண்ணாச்சி. அந்தக் கானல்ல ஒரு கக்கூஸ் இருக்கு. அதுதான் எனக்கு வேணும்."

சிதம்பரதாணுவின் நெற்றியிலும் வேர்வை துளிர்த்திருந்தது. ஆனால் தலைவர் பதவி என்று ஒன்று இருக்கிறதே. அவர் ஜன்னலுக்கு வெளியே பாலைவனத்தைப் பார்த்தார். அங்கே தபால்காரர் போய்க்கொண்டிருந்தார்.

கடைசியில் காப்பாற்றியது விஞ்ஞானம். "நின்னுபோன வண்டியை விட்டுத்தான இறங்கக் கூடாது?" என்றார் ஜெபமணி, பல்லைக் கடித்துக்கொண்டு. "ஓடுற வண்டியை விட்டு இறங்கக் கூடாதுன்னு பிள்ளை சொல்லவே இல்லையே!"

சாவி பையிலிருந்து பறந்து வந்தது. மீரான் வண்டியைக் கிளப்பிப் பின்னால் உருளவிட்டார். நான்கு கதவும் ஒரே சமயத்தில் திறந்தன. ஓடுகிற வண்டியிலிருந்து எல்லோரும் இறங்கிவிட்டதால் பிரேக் போட யாரும் இல்லை. அது தானாகவே பின்னால் உருண்டு போய், சாலையோரக் குப்பைத் தொட்டிகளில் இரண்டைச் சாய்த்துவிட்டு நின்றது. நல்லவேளை, வளையல்கள் அப்போது அடுக்களையில் இருந்தன. வீட்டில் கக்கூஸ் ஒன்றுதான். அதன் வாசலில் நடந்ததை நான் எழுதப் போவதில்லை.

வளையலை எப்படிக் கொண்டுபோவது என்பது அன்று மத்தியானம் வரை முடிவாகவில்லை. ஆவுடையப்பன் மீதி ஐம்பத்தொன்பதையும் மடியில் வைத்துக்கொண்டு யாரையும் தொடவிடாமல் உட்கார்ந்திருந்தார்.

மீரான்தான் கேட்டார்: "அண்ணாச்சி, கண்ணாடி வளையலு எங்க இருந்தா உடையாம இருக்கு? என் வீட்டுக்காரி கையில போட்டுக்கிட்டே பாத்திரம் கழுவுதா, மாவு பிசையுதா, எம் முதுகுல நாலு போடுதா. உடைய மாட்டேங்கு."

"அதனால?"

"கையில போட்டுட்டுப் போயிருவோம்."

சிதம்பரதாணு எழுந்து நின்றுவிட்டார். "என்னவே பேசுதீரு? ஆம்பிளையாளு வளையல் போடவா? சங்கத்துல தெரிஞ்சா நாற்காலி தொடைக்கக்கூட என்னை விடமாட்டானுவ."

நீண்ட வாதம் நடந்தது. மீசை, மானம், ஜில்லாவின் பெயர் எல்லாம் வந்து போயின. ஜெபமணிதான் வழி கண்டார்.

"போடுறது வேற, ஏத்துறது வேற. லாரில பூசணிக்காய் ஏத்துனா லாரி பூசணிக்காயைப் போட்டிருக்குன்னா சொல்லுவோம்? நாமளும் லாரிதான். சரக்கை ஏத்துதோம். போய் இறக்குதோம்."

அது எல்லோருக்கும் பிடித்திருந்தது. சிதம்பரதாணு முதல் லாரியாக முன்வந்தார். அவர் கை முறத்தைப் போல அகலம். நான்கு உடைந்தது. மீரான் மூன்று உடைத்தார். ஜெபமணி ஆய்வகத்துச் சோப்பைப் போட்டுத் தேய்த்துப் பார்த்து ஐந்து உடைத்தார். என்னைக் கேட்கவில்லை. ஆவுடையப்பனுக்கு மட்டும் ஒல்லிக் கை. தேங்காய் எண்ணெய் தடவி ஒவ்வொன்றாக ஏற்றியதில், வலது கையில் இருபத்து நான்கும் இடது கையில் இருபத்து மூன்றும் முழங்கை வரை ஏறிவிட்டன. ஆக நாற்பத்தேழு. அவரை வண்டியில் உட்காரவைத்துத் தகரத்தின் மேல் இருபது முறை ஓட்டினார்கள். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். ஒன்றுகூட உடையவில்லை.

ஆவுடையப்பன் அழுதார். கையை இறக்கித் துடைத்துக்கொள்ள விடவில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம். வழியெல்லாம் அவர் நடு சீட்டில் கையைத் தூக்கியபடியே வந்தார். போர்ட் அகஸ்டா தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் மூத்திரம் போக இறங்கி உள்ளே போனார். கையை இறக்கக் கூடாது அல்லவா, தூக்கிக்கொண்டே போனார். கல்லாவில் இருந்த பெண் அவரைப் பார்த்ததும் தானும் கையைத் தூக்கினாள். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு லாரிக்காரர்களும் தூக்கினார்கள்.

"நல்ல மரியாதை தெரிஞ்ச சனம்," என்றார் சிதம்பரதாணு.

இரவு ஒரு சின்ன ஊரில் தங்கினோம். ஞாயிறு காலையில் மண் ரோடு ஆரம்பமானது. சிவப்பு மண், இரு பக்கமும் ஒரு மரம் இல்லை. கோமதி சொன்னபடியே தகரக் கூரைதான். அதில் நூறு கிலோமீட்டர் போனபோது எதிரே மூன்று பெட்டி கோத்த லாரி ஒன்று வந்து கடந்தது. மீரான் ஓரம் கட்டி நிறுத்தினார். எங்கும் சிவப்புப் புழுதி.

"அடங்கினப்புறம்தான் எடுக்கணும்," என்றார் ஜெபமணி.

பெரிய புழுதி ஐந்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. ஆனால் இவர்கள் உற்றுப் பார்த்தார்கள். அந்த நாட்டில் காற்று என்று ஒன்று இருக்கிறது. தரையில் எப்போதும் கொஞ்சம் புழுதி ஓடிக்கொண்டே இருந்தது.

"அங்க கொஞ்சம் அடங்கல அண்ணாச்சி."

"எங்க?"

"அந்தா, அந்தக் கோடியில."

அரை மணி நேரம் பார்த்தார்கள். நல்ல நேரம் பதினொன்றரையோடு முடிகிறது என்று ஆவுடையப்பன் தூக்கிய கையோடு முனகினார். "அதுவா அடங்காது, நாமதான் அடக்கணும்," என்று ஜெபமணி கேனை எடுத்தார். வண்டி நின்றுபோகவில்லை, நிறுத்தியதுதான், ஆகவே இறங்கலாம் என்று முடிவாயிற்று. அன்றைய நாளுக்கான ஐம்பது லிட்டரையும் ரோட்டில் தெளித்தார்கள். கல்யாண வீட்டு வாசல்போல வண்டிக்கு முன்னால் கொஞ்ச தூரம் அழகாக இருந்தது. குடிக்க ஒரு சொட்டு இல்லை. ஆனால் புழுதி அடங்கியிருந்தது. புறப்பட்டோம்.

வில்கரூனாவுக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு இரும்புக் கேட். யாருடைய மாட்டுப் பண்ணையோ. சாத்தியிருந்தது, பூட்டவில்லை. அதில் ஒரு பலகை. ஜெபமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துச் சொன்னார்:

"இந்தக் கேட்டை எப்படிக் கண்டீரோ, அப்படியே விட்டுச் செல்லவும்."

மீரான் வண்டியை அணைத்தார்.

"நாம எப்படிக் கண்டோம்?" என்றார் சிதம்பரதாணு.

"சாத்தியிருக்கக் கண்டோம்."

"அப்ப சாத்தினபடியே விடணும்."

"விட்டா எப்படி அண்ணாச்சி அந்தப் பக்கம் போறது?"

"போகச் சொல்லி எங்க எழுதியிருக்கு?"

"விட்டுச் செல்லவும்னு எழுதியிருக்கே. செல்லவும்!"

"செல்லத்தான் சொல்லியிருக்கு. எந்தப் பக்கம்னு சொல்லலையே. திரும்பிச் சென்றாலும் செல்லுறதுதான்."

ஆவுடையப்பன் தேம்பினார். "திறந்து போயிட்டு மறுபடி சாத்திருவோமே. யாரும் பாக்கல."

"நடுவுல ஒரு நிமிசம் திறந்து கெடக்குமே, அதுக்கு என்ன சொல்லுவீரு?" என்று சிதம்பரதாணு அவரைக் கடுமையாகப் பார்த்தார். "அடுத்தவன் நாட்டுல வந்து சட்டத்தை மீறவா? மவளுக்கு நல்லது நடக்கணும்னு நினைக்கிற ஆளு பேசுற பேச்சா இது?"

பதினொன்று அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அப்போது கேட்டுக்கு அந்தப் பக்கம் புழுதி கிளப்பிக்கொண்டு மாப்பிள்ளையின் வண்டி வந்து நின்றது. நேரமாகியும் ஆளைக் காணோம் என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை ஓட்ட, கோமதி பட்டுச் சேலையோடு, உலகம்மாள், சம்பந்தியம்மா, மடியில் சந்தனக் கும்பாவும் எண்ணெய்க் கிண்ணமும்.

"யப்பா, இங்க நின்னு என்ன பண்ணுதிய? கேட்டைத் திறந்துட்டு வாங்க!"

மாப்பிள்ளை இறங்கிக் கேட்டைத் திறந்தார். சிதம்பரதாணு உடனே தள்ளிச் சாத்தினார். மாப்பிள்ளை மறுபடி திறந்தார். இந்தப் பக்கம் மீரானும் சேர்ந்து சாத்தினார். "போர்டைப் படிங்க மாப்ளே, போர்டைப் படிங்க," என்று ஜெபமணி கத்தினார்.

உலகம்மாள் கம்பிகளுக்கு நடுவே தன் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு மண் பூசிய தலை, தூக்கிய இரண்டு கை, முழங்கை வரை வளையல்.

"இது என்ன கோலம்?" என்றார் கடைசியில்.

"போடல உலகு. ஏத்தியிருக்கு," என்றார் ஆவுடையப்பன்.

சம்பந்தியம்மா வாயைத் திறந்தார். வாழ்நாள் முழுக்கச் சொல்லப் போகும் வார்த்தையை அவர் தேடிக்கொண்டிருப்பது தெரிந்தது. அதற்குள் மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அம்மா, நேரம் போகுது," என்றார்.

"சரி, இங்கயே நடக்கட்டும்," என்றார் சம்பந்தியம்மா. "கையை நீட்டுங்க சம்பந்தி."

கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே ஆவுடையப்பன் கையை நீட்டினார். கோமதி அந்தப் பக்கமிருந்து நீட்டினாள். அப்பன் விரல் நுனியும் மகள் விரல் நுனியும் ஒட்டியிருக்க, சம்பந்தியம்மா எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, ஒவ்வொரு வளையலாக இங்கேயிருந்து அங்கே தள்ளினார். உலகம்மாள் குலவையிட்டார். கோமதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆடாதடீ," என்று ஒரு அதட்டல். வலது கையில் இருபத்தொன்று, இடது கையில் பத்தொன்பது, இரண்டும் ஒற்றைப்படை, நாற்பதும் முழுசு. பதினொன்றரைக்கு ஒரு நிமிடம் இருந்தது.

ஆவுடையப்பன் கையில் ஏழு சிக்கிக்கொண்டது. இரண்டு நாள் தூக்கிப் பிடித்ததில் முழங்கைப் பக்கம் வீங்கியிருந்தது. எண்ணெய்க்கும் அசையவில்லை.

"உடைச்சு எடுத்துருவோம்," என்றார் மீரான்.

"சீ!" என்று சம்பந்தியம்மா சீறினார். "வளைகாப்பு வளையலை உடைக்கவா? பிள்ளை பொறக்கிற வரைக்கும் கழட்டவே கூடாது. பொறந்தப்புறம் பிரசவம் பாத்தவ கழட்டி எடுத்துக்கிடணும். அதுதான் முறை."

அவர் சொன்னது கோமதிக்கு. கேட்டது ஆவுடையப்பன்.

உலகம்மாள் கேட்டைத் திறந்து, புருஷனைச் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்து, கேட்டைச் சாத்தினார். எங்கள் நான்கு பேரை உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. ஏழு வகைச் சோறு காத்திருந்தது. எனக்கு நல்ல பசி. சிதம்பரதாணு கேட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"சாத்தியிருக்குல்லா?"

"சாத்தியிருக்கு."

"கண்டபடியே விட்டாச்சு. திருப்புவே வண்டியை."

ஆவுடையப்பன் அதற்குப் பிறகு அடிலெய்டு திரும்பவில்லை. ஆலையில் லீவு சொல்லிவிட்டார். உலகம்மாள் கத்திப் பார்த்தார், சோப்பு, நூல், ஐஸ் கட்டி எல்லாம் எடுத்து வந்தார். ஆவுடையப்பன் கையைக் கொடுக்கவில்லை. பாரம் தூக்கவில்லை. மாங்காய் கேட்டு வாங்கித் தின்றார் என்று மாப்பிள்ளை சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து வில்கரூனாவின் சின்ன ஆஸ்பத்திரியில் கோமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். பிரசவம் பார்த்த நர்ஸம்மாவிடம் கோமதி நாற்பது வளையலையும் கழற்றிக் கொடுத்தாள். அந்த அம்மாள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு திரும்பினாள். அடுத்த கட்டிலில் ஆவுடையப்பன் போர்வையைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திப் படுத்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தார்.

நல்ல பெண். ஒன்றும் கேட்காமல் கையுறை மாட்டிக்கொண்டு, ஏதோ வழுவழுப்பான மருந்தைத் தடவி, அரை மணி நேரம் பாடுபட்டு ஆறு வளையலை உருவி எடுத்தாள். ஏழாவது வரவில்லை.

ஆவுடையப்பன் உடனே அடிலெய்டுக்குப் போன் போட்டார். நாங்கள் சங்கத்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தோம். சிதம்பரதாணு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மடக்கிய நாற்காலி ஒன்றைத் திரும்ப விரித்து உட்கார்ந்தார்.

"பிள்ளை பொறந்தா வளையல் வந்துரணும். வரலைன்னா என்ன அர்த்தம்?" என்றார். "டாக்டரம்மாவை நல்லாப் பாக்கச் சொல்லும்வே. உள்ள இன்னொரு பிள்ளை இருக்கு."

ஆவுடையப்பன் பார்க்கச் சொன்னார். டாக்டரம்மா கோமதியைப் பார்த்தார், இல்லை என்றார். ஆவுடையப்பன் விடவில்லை. டாக்டரம்மா அவரையும் பார்த்தார், இல்லை என்றார்.

வளையல் அவர் கையிலேயே இருக்கிறது. மீதி ஒன்று.